தேரையை இறக்கிய ஊர்

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்தில் என் மகள் குடும்பம் இருக்கிறது. போன தடவை போயிருந்தபோது, "கரும்புக் காட்டைப் பார்க்காம உங்களுக்குப் பொழுது போகாதேப்பா" என்று தெற்கே அரை மணி நேரம் காரில் கோர்டன்வேலுக்குக் கூட்டிப் போனாள். சின்ன ஊர். ஒரு சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு, பின்னால் பிரமிடு போல 922 மீட்டர் உயர மலை. அந்தப் பக்கம் 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மழைக்காடு.

இருட்டியதும் தெருவிளக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேரைகள். பேரன் தொடப் போனான். மகள் சட்டென்று இழுத்தாள். "வேணாம்டா, விஷம்!" அந்தத் தேரைகள் ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் இறங்கியதே இந்த ஊர்ப் பக்கம்தான்.

1930-களில் இங்கே வேர்ப்புழு கரும்பு வேரைத் தின்று பயிரைச் சாய்த்தது. நம்மூர்க் கரும்பில் வருவது போன்ற வண்டுப் புழுதான். தென் அமெரிக்கத் தேரை வண்டைத் தின்னும் என்று நம்பி, 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்து, பெருக்கி வயலில் விட்டார்கள். மருந்தில்லாத வைத்தியம்! நாமாக இருந்தாலும் கை தட்டியிருப்போம்.

நடந்தது வேறு. வண்டு பறந்து மரத்திலும் கரும்புத் தோகையிலும் உட்காரும், தேரைக்கு எட்டாது. புழு மண்ணுக்குள் இருக்கும். தேரை தோண்டித் தின்னாது. வண்டு தப்பித்தது. தேரையோ கிடைத்ததையெல்லாம் தின்று பெருகியது. முட்டை முதல் முழுத் தேரை வரை விஷம். அதைத் தின்ற உடும்பும் பாம்பும் செத்தன. வால்டர் ஃபிராகட் என்ற பூச்சியியலாளர் அன்றே எச்சரித்தார். கொஞ்ச நாள் தடை போட்டு, 1936-இல் அதையும் நீக்கிவிட்டார்கள். இன்று தேரை மேற்கு ஆஸ்திரேலியா வரை போய்விட்டது.

இதே மாநிலத்தில் அதற்குப் பத்து வருஷம் முன்பு, சப்பாத்திக்கள்ளி விளைநிலங்களை மூடிக் கிடந்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து, மற்ற பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்து, 1926-இல் விட்டார்கள். அதன் புழு கள்ளியைத் தின்று தீர்த்தது. நிலம் விவசாயிகளிடம் திரும்பியது.

இரண்டுமே 'இயற்கை முறை'தான். ஒன்றில் விசாரணை நடந்தது, மற்றதில் நடக்கவில்லை. வங்கியில் கடன் மனு வந்தால் ஆளைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போட மாட்டோம். நேரில் போய் விசாரிப்போம். வெளியிலிருந்து எந்த உயிரை வயலுக்குள் விட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பூச்சி இருக்கும் இடத்துக்கு இது போகுமா? அதை விட்டு வேறு எதைத் தின்னும்? பெருகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியுமா?

என் பண்ணைக் குட்டையில் கொசுவுக்காக கம்பூசியா மீன் விட ஏற்பாடு செய்திருந்தேன். வட அமெரிக்க மீன். தவளைக் குஞ்சையும் தின்னும். மழையில் குட்டை வழிந்தால் ஓடை வழியே ஏரிக்குப் போய்விடும். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது குட்டையில் எங்கள் ஓடைச் சிறுமீன்கள்தான். தவளைச் சத்தமும் குறையவில்லை.