தோலை மெலிய வைக்கும் ஸ்டீராய்டு கிரீம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பத்மநாபபுரம்: படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கப்படும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. இவற்றைக் கணக்கின்றிப் பூசினால் தோல் வலுவிழக்கும். இதுகுறித்த சந்தேகங்களும் விளக்கங்களும்:

மேலே பூசும் கிரீம் தோலை எப்படி மெலிய வைக்கும்?

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன்; இழுத்து விட்டதும் பழைய நிலைக்குத் திருப்புவது எலாஸ்டின். ஸ்டீராய்டு, கொலாஜன் உற்பத்தியைக் குறைப்பதுடன் மேல்தோல் செல்கள் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது. தோல் மெலிந்ததும் ரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாக வெளியே தெரியும். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். தொடை இடுக்கு, அக்குள் பகுதிகளில் பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழும்.

கிரீமில் ஸ்டீராய்டு இருப்பதை எப்படி அறிவது?

டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது.

எவ்வளவு, எத்தனை நாள் பூசலாம்?

அது மருந்தின் வீரியத்தையும் பூசும் இடத்தையும் பொறுத்தது. மிக வீரியமான குளோபீட்டசாலைத் தொடர்ச்சியாக 2 வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ பயன்படுத்தக் கூடாது. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம்; இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகம், இமை, தொடை இடுக்கில் மருந்து அதிகம் உறிஞ்சப்படுவதால் பாதிப்பும் விரைவில் வரும்.

பூசியதும் படர்தாமரை அரிப்பு அடங்குகிறதே?

பலரையும் ஏமாற்றுவது இதுதான். அரிப்பும் சிவப்பும் அடங்கும். ஆனால் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை அழியாது, மேலும் பரவும்.

மெலிந்த தோல் தேறுமா?

தொடக்கத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் தேறும். விழுந்த வரிகள் மங்குமே தவிர முழுதாக மறையாது. முகத்தில் பல மாதம் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

அப்படியானால் ஸ்டீராய்டு கிரீமே கூடாதா?

அப்படியில்லை. எக்சிமா, சொரியாசிஸ் நோய்களுக்கு இது முக்கியமான மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சீட்டு இல்லாமல் வாங்கலாமா?

வெளிப்பூச்சு ஸ்டீராய்டு மருந்துகள் 14-ஐ மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் அட்டவணை 'எச்' பிரிவில் சேர்த்தது. இப்பிரிவு மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இன்றி விற்கக் கூடாது.

பாதிப்பு ஏற்பட்டவர்கள் எங்கு செல்லலாம்?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். இதுவரை பூசிய டியூப்களையும் பழைய சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.