அரசாங்கச் சுவடிகளில் ஆலய வரலாறு

குடமுழுக்கு நெருங்கும்போது ஒவ்வோர் ஆலயத்திலும் ஒரு சிறப்பு மலர் உருவாகிறது. யாகசாலை நிகழ்ச்சிநிரல், திருப்பணிக் குழுவினரின் படங்கள், நன்கொடையாளர் பட்டியல் ஆகியவற்றுக்கு முன்னால் தல வரலாறு என்று இரண்டு பக்கங்கள் அதில் இடம்பெறும். அந்த இரண்டு பக்கங்களை எழுதப் புகும்போதுதான் செயலவையினர் திகைக்கின்றனர். “சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அரசமரத்தடியில்” என்று தொடங்கும் வரலாறு முந்தைய மலரிலும் இருக்கும். அதற்கு முந்தைய மலரிலும் இருந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடந்தாலும் அந்த நூறு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு ஆவதில்லை!

செவிவழிச் செய்திகளை இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. மரத்தடியில் சூலம் நட்டு வழிபட்ட முன்னோர் தங்கள் செயலை எழுதி வைக்கவில்லை என்பதால் அச்செயல் நடவாததாகிவிடாது. ஆயினும் அவர்கள் எழுதாததை வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார். நிலம் வேண்டி விண்ணப்பம் செய்தபோது கும்பெனி அரசின் எழுத்தர் அதைப் பதிவேட்டில் படியெடுத்தார். இரத ஊர்வலத்திற்கு அனுமதி கேட்டபோது காவல் துறையில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. அறங்காவலர்கள் பிணங்கியபோது நீதிமன்றம் சாட்சியங்களை எழுதிக்கொண்டது. இந்தத் தாள்களில் கணிசமானவை இன்று படமாகப் பதிவு செய்யப்பெற்று, பொதுமக்கள் எவரும் தேடிப் பார்க்கும் நிலையில் உள்ளன.

சிங்கப்பூரில் 1968-இல் நிறுவப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் அரசாங்கக் கோப்புகள், நகர வரைபடங்கள், நிழற்படங்கள், முதியோரின் வாய்மொழிப் பதிவுகள் முதலானவற்றின் பட்டியலை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அண்மைக்கால இதழ்கள் சிலவற்றை மட்டும் நூலகத்திற்கு நேரில் சென்றுதான் காண இயலும். மலேசியாவில் 1957 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் போன்ற அரிய தொகுதிகளைக் காத்து வருகிறது. அவற்றுள் பலவற்றிற்கு இணையத்தில் தலைப்பையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, கோலாலம்பூரிலுள்ள கட்டடத்திற்குச் சென்று கோப்பைக் கேட்டுப் பெறவேண்டும்.

தேடத் தொடங்குபவர் முதலில் சந்திக்கும் இடர் பெயர்தான். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்கில் அரசாங்க எழுத்தராயிருந்த நாராயண பிள்ளை 1819 மே மாதத்தில், ராபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது, அவருடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார். செங்கல் சூளை வைத்தார்; துணிக்கடை நடத்தினார். ஆலயத்திற்கென முதலில் அவருக்குக் கிடைத்தது தெலுக் ஆயர் பகுதியில் ஓரிடம். அங்கே வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் இல்லை. இன்று ஸ்டாம்போர்டு கால்வாய் எனப்படும் நீரோட்டத்தின் அருகே வேறோர் இடத்தை 1821-இல் ரெசிடெண்டு பர்க்குவார் அனுமதித்தார். 1822-இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் அந்த நிலத்தை வேறு பயனுக்கு ஒதுக்கியது. அதன் பின்னரே, 1823-இல், இப்போதைய இடம் கிடைத்தது. 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு கோயில் எழுந்தது. நான்கே ஆண்டுகளில் மூன்று இடங்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அதிகாரியின் அனுமதி.

இப்போது ஒருவர் கணினியின் முன் அமர்ந்து ‘சௌத் பிரிட்ஜ் ரோடு’ என்று தட்டச்சு செய்து 1823-ஆம் ஆண்டுத் தாளைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் கிடைக்காது. அந்தச் சாலை 1833-இல்தான் கைதிகளின் உழைப்பால் அமைக்கப்பட்டது. கோயில் சாலையினும் மூத்தது! ‘மாரியம்மன்’ என்று தேடினாலும் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். அக்கால ஆங்கிலேயர் அம்மனின் திருநாமத்தைக் கேட்டறியும் அக்கறை கொண்டவர்களல்லர். அவர்களுக்கு அது ‘இந்து கோயில்’. அல்லது ‘கிளிங்’ கோயில். தென்னிந்தியரைக் குறித்த அந்தச் சொல் இன்று வசையாகிவிட்டது. அச்சொல்லைத் தாங்கிய தெருவே 1920-களின் தொடக்கத்தில் சூலியா தெரு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் பழந்தாள்களில் நம் பாட்டன்மாரைத் தேட விரும்புவோர் மனம் கசந்தாவது அச்சொல்லைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். கோபுரத்தை அவர்கள் ‘பகோடா’ என்றனர். ஆலயத்தின் பக்கவாட்டில் ஓடும் பகோடா தெரு அப்படிப் பெயர் பெற்றதே.

தேங்க் ரோடு தண்டாயுதபாணி ஆலயத்தின் நிலையும் இதுதான். டாக்டர் ஆக்ஸ்லிக்குச் சொந்தமாயிருந்த தோட்டத்தில் நகரத்தார் நிலம் வாங்கி 1859-இல் குடமுழுக்குச் செய்த அந்த ஆலயம் ஆங்கில இதழ்களுக்கு வெறும் ‘செட்டி கோயில்’. ஆள்பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஒரே ‘பிள்ளை’ ஒரு தாளில் பில்லே, மறுதாளில் பில்லி, மற்றொன்றில் பிலாய். எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். ஒரு பெயரைப் பத்து விதமாக எழுதிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்க்கு இந்தத் தேடல் கைகூடாது.

அச்சிட்ட பக்கங்களைக் கணினி தானே படித்துச் சொற்களைத் தொகுத்துக்கொள்கிறது. அதுவும் பிழையறப் படிப்பதில்லை. மை பரவிய பழைய இதழில் ஓரெழுத்தை வேறோர் எழுத்தாகக் கொண்டுவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் சொல்லை விட்டு நாளைப் பற்றிக்கொள்கின்றனர். தைப்பூசம் எந்த ஆண்டில் எந்த நாளில் வந்தது என்பதைப் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்து, மறுநாள் இதழைத் திறந்தால், வெள்ளி இரதத்தையும் காவடிகளையும் கண்டு வியந்த நிருபரின் பத்தி கண்ணில் படலாம். தீமிதிக்கு ஐப்பசி மாதம். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பார்த்தால் போதும்.

கையெழுத்துத் தாள்கள் வேறு உலகம். 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. 1867 வரை அவை இந்திய நிருவாகத்தின் கீழ் இருந்தன. ஆகவே இங்கே எழுதப்பட்ட கடிதங்களின் படிகள் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் சென்றன. ஒரு படி செல்லரித்தாலும் வேறொரு படி பிழைத்திருக்க வழியுண்டு. ஆனால் கொடி போல் சாய்ந்தோடும் அந்தக் கையெழுத்தை எடுத்த எடுப்பில் எவரும் படித்துவிட முடியாது. சிங்கப்பூர் ஆவணக் காப்பகம் 2015-இல் ஒரு நல்ல வழியைக் கண்டது. கையெழுத்துப் பக்கங்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்து, விருப்பமுள்ளோர் படித்துத் தட்டச்சு செய்து உதவலாம் என அழைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் ஆலயங்களைச் சுற்றி நிரம்ப உள்ளனர். அவர்களுக்கு இதைவிட ஏற்ற திருப்பணி இருத்தல் அரிது.

மலாக்காவில் மொழியும் மாறிவிடுகிறது. பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்த 1781-இல் அந்நகரை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். சிட்டி சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டியின் பெயரோடு அறியப்படும் அந்த ஆலயத்தின் காலத்துத் தாள்கள் டச்சு மொழியில் இருக்கும். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் தன் கிழக்கிந்தியக் கும்பெனியின் கையெழுத்துச் சுவடிகளைக் கணினியைக் கொண்டே படிக்கச் செய்து பெருமளவில் வெளியிட்டுள்ளது. மொழியறிந்தவர் துணை கிடைத்தால் இதுவரை எவரும் காணாத செய்தி வெளிப்படலாம்.

நாணயமும் தேடுவோரை ஏமாற்றும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கான நிலம் 1851-இல் கிழக்கிந்தியக் கும்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது. கடைவீதியில் அன்று புழங்கியது ஸ்பானிய டாலர். கும்பெனியின் கணக்கோ ரூபாயில். டாலர் என்று தேடுபவர் கண்ணில் இக்கணக்கு படாது. கோயிலின் பெயரும் அன்று ‘நரசிங்கப் பெருமாள் கோயில்’. ஸ்ரீனிவாசப் பெருமாள் என்னும் இப்போதைய பெயர் 1966-இல் வந்தது. இருபத்தாறரை ரூபாயை இன்றைய சிராங்கூன் சாலையின் நிலவிலையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடாத பக்தர் இரார்.

நீதிமன்ற ஆவணங்களுக்கு வருவோம். ஒற்றுமையாக நடந்த கோயிலைப் பற்றி அரசாங்கத்திடம் தாள் குறைவு. பிணக்கு மூண்ட கோயிலின் வரலாறோ பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. பினாங்கில் 1807-லும், சிங்கப்பூர், மலாக்காவுக்கு 1826-லும் நீதிச் சாசனத்தின் வழி ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்பட்டது. கோயில் நிலம் பெரும்பாலும் ஓரிரு பெரியவர்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அவர்கள் மறைந்தபின் அது அறச்சொத்தா, குடும்பச் சொத்தா என்ற கேள்வி எழும். யார் கட்டியது, யார் பூசை செய்தார், உண்டியல் யாரிடம் இருந்தது என்பன எல்லாம் சத்தியப் பிரமாண வாக்குமூலங்களாக எழுதப்படும். 1808 முதல் 1884 வரையிலான தீர்ப்புகளை நார்ட்டன் கைஷி தொகுத்து 1885-க்கும் 1890-க்கும் இடையே நூலாக்கினார். ஒன்றை மறத்தல் ஆகாது: வாக்குமூலம் கட்சிக்காரரின் கூற்று. “என் தந்தையே கட்டினார்” என்று வழக்கில் ஒருவர் உரைத்ததை மட்டும் எடுத்து மலரில் அச்சிட்டுவிட்டால், எதிர்த்தரப்பின் பேரப்பிள்ளைகள் இன்றும் அவ்வூரில் இருக்கக்கூடும்!

இத்தகைய குழப்பங்களைக் களையவே 1905-இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த வாரியத்தின் பொறுப்பில் மாரியம்மன் ஆலயம் முதலியன வந்தன. 1968-இல் தனிச் சட்டம் பிறந்து, இந்து அறக்கட்டளை வாரியம் இன்று மாரியம்மன், பெருமாள், சிவன், வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்களை நிர்வகிக்கிறது. சிவன் ஆலயம் ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து பெருவிரைவு இரயில் பணிக்காக 1983-இல் இடம்பெயர்ந்து, 1993-இல் கேலாங் ஈஸ்ட்டில் புதுக்கோயில் கண்டது. பழைய கட்டடத்தைக் காண விழைவோர்க்கு இனி நிழற்படங்களும் தாள்களுமே துணை.

மலேசியத் தோட்டப்புற ஆலயங்களுக்கு இந்தத் தேடல் மலர்ப் பக்கங்களோடு முடிவதன்று. பால்மரக் காட்டில் உழைத்தவர்கள் தோட்ட நிர்வாகத்தின் வாய்ச்சொல்லை நம்பிக் கோயில் எழுப்பினர். நிலப்பட்டா கம்பெனியின் பெயரிலேயே இருந்தது. தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டம் வரும்போது கோயிலிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. நகரத்திலும் இந்நிலை உண்டு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலை வட்டாரத்தில், நூற்று முப்பது ஆண்டுத் தொன்மை கூறப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014-இல் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. 2025-இல் அருகிலேயே வேறிடத்திற்கு மாறும் ஏற்பாட்டை ஆலயத்தார் ஏற்க நேர்ந்தது.

பழமையே உரிமை ஆகிவிடும் என்று எண்ணும் செயலவையினர் பலர் உளர். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இதில் தெளிவாக உள்ளது: அரசு நிலத்தை எத்தனை காலம் கைவசம் வைத்திருந்தாலும் அதனால் உடைமை உண்டாகாது. எனவே 1900-ஆம் ஆண்டு நாளிதழில் ஒரு திருவிழாச் செய்தியைக் கண்டெடுத்தால், கோயில் அன்று இருந்தது என்பதற்கு அது சான்று. நிலம் கோயிலுடையது என்பதற்கு அன்று. உரிமையைத் தேடுபவர் வேறு தாளைத் தேடவேண்டும். அந்த நிலம் என்றேனும் இந்து வழிபாட்டிற்கென அரசிதழில் ஒதுக்கப்பட்டதா? தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வழங்கப்பட்டு, ஆண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டதா? தோட்டத்தின் பழைய நில அளவை வரைபடத்தில் கோயில் குறிக்கப்பட்டுள்ளதா? பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் ஆலயத்திற்கு 1801-இல் வழங்கப்பட்ட நிலம் போன்ற தெளிவான சாசனம் எல்லார்க்கும் வாய்க்காது. ஆயினும் ஓர் அரசிதழ் அறிவிப்பு கிடைத்துவிட்டால் நில அலுவலகத்தில் பேச்சின் போக்கே மாறும். கிடைக்காவிடினும், தொன்மையை மெய்ப்பிக்கும் தாள் மாற்றிடம் கேட்கும்போதேனும் பயன்படும்.

ஆவணக் காப்பகத்திற்குச் செல்லுமுன் ஆலய அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்ப்பதும் நன்று. நிலவரி இரசீது, குடிநீர்க் கட்டண ரசீது, பழைய கூட்டக் குறிப்பேடு, உபய அழைப்பிதழ் என அங்கே கிடப்பனவற்றில் உள்ள மனை எண்ணும் கோப்பு எண்ணுமே அரசாங்கப் பெட்டகத்தின் திறவுகோல். மாரியம்மன் ஆலயத்தில் 1831-இல் சேஷாசலம் பிள்ளை அளித்த நிலம் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கல்லில் பொறிக்காத ஆலயங்களின் தாள்கள் கரையான் கண்ணுக்கு முதலில் படுகின்றன. அவற்றை இந்த மாதமே படமெடுத்து இரண்டு இடங்களில் வைப்பதற்கு ஓர் இளைஞரும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.