ஆறுக்கு ஒன்று

ஜூலை மாத இரவு, மணி பத்து வாக்கில் மொட்டைமாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். செக்கச்செவேலென்று கேட்டை நட்சத்திரம் நிற்கும். கிழக்கில் திருவோணம். இரண்டையும் மனதுக்குள் ஒரு கோட்டால் இணைத்து, அதன் நடுவிலிருந்து லேசாகக் கேட்டைப் பக்கம் கண்ணை நகர்த்தினால் அடக்கமாக ஒரு நட்சத்திரம் தெரியும். பெயர் நியூ ஓபியூக்கி. நகர வெளிச்சத்தில் கொஞ்சம் திண்டாட வேண்டும், கிராமத்தில் சுலபம். சுமார் 150 ஒளியாண்டு தூரம். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன், தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளிதான் இன்று நம் கண்ணில் விழுகிறது.

சூரியனைப் போல 2.7 மடங்கு நிறை கொண்ட இந்த நட்சத்திரம் இளமையைக் கடந்து உப்பிப்போய், ராட்சத நட்சத்திரமாக இருக்கிறது. அதைச் சுற்றி வருபவை இரண்டு பழுப்புக் குள்ளர்கள்.

பழுப்புக் குள்ளனுக்கு எங்கள் பத்திரிகைகள் வைத்த பட்டம், ‘தோற்றுப்போன நட்சத்திரம்’. ஏதோ ப்ளஸ் டூவில் கோட்டைவிட்ட பையனைச் சொல்வதுபோல! விஷயம் இதுதான்: வியாழனைப் போல ஏறத்தாழ 75 மடங்கு நிறை இருந்தால்தான் ஒரு வாயு உருண்டைக்குள் ஹைட்ரஜன் தொடர்ந்து எரியும். அதற்குக் குறைந்தால் எரியாது. 13 மடங்குக்கு மேல் இருந்தால் டியூட்டிரியம் என்ற கன ஹைட்ரஜன் மட்டும் கொஞ்ச காலம் எரிந்து அடங்கும். இந்த இடைப்பட்ட ஜாதியை 1960களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர், இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன ஷிவ் குமார். ‘பழுப்பு’ என்ற பெயர் 1975இல் ஜில் டார்ட்டர் வைத்தது. அதன் நிறம் உண்மையில் பழுப்பு இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்று அகப்பட்டதே 1995இல்தான்.

நியூ ஓபியூக்கியின் குள்ளர்களை யாரும் நேரில் பார்க்கவில்லை; நட்சத்திரத்தின் ஆட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அப்பா குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும்போது குழந்தை மட்டுமா சுற்றுகிறது? அப்பாவும் பின்னால் சாய்ந்து ஆடுகிறார். அப்படியே நட்சத்திரமும் ஆடும்; அந்த ஆட்டம் நட்சத்திர ஒளியின் நிறமாலைக் கோடுகளை முன்னும் பின்னும் நகர்த்தும். வியாழன் நம் சூரியனை நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. இங்கே உள்வட்டக் குள்ளன் மட்டுமே தன் நட்சத்திரத்தை நொடிக்குச் சுமார் 290 மீட்டர் ஆட்டுகிறது.

வானியலாளர்கள் கிழட்டு ராட்சதனைத் தேடிப் போனதற்கும் காரணம் உண்டு. இத்தனை கனமான நட்சத்திரம் இளமையில் கொதித்துக்கொண்டு, வேகமாகத் தன்னைத்தானே சுற்றும். நிறமாலைக் கோடுகள் குறைவாகவும் கலங்கலாகவும் இருக்கும், அளக்க முடியாது. வயதானால் குளிர்ந்து, நிதானப்பட்டு, கூர்மையான கோடுகளைக் காட்டும். கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில், சைக்கிள் சக்கரத்தை விடச் சிறிய, 60 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு 373 ராட்சத நட்சத்திரங்களைக் கண்காணித்தார்கள். பெரிய கருவி கேட்டு வரிசையில் நிற்காமல் சின்னதை ஆண்டுக்கணக்கில் ஓட்டியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜப்பானின் ஒகயாமா குழுவும் இதே நட்சத்திரத்தைத் தனியாக அளந்தது.

இந்த அளவீடுகளை வைத்து ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் குவிரென்பாக் குழு 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உள்ளே இருப்பது வியாழனைப் போல் குறைந்தது 22 மடங்கு; ஒரு சுற்றுக்கு 530 நாள். வெளியே இருப்பது குறைந்தது 25 மடங்கு. ஒரு சுற்றுக்குச் சுமார் 3,186 நாள். முன்னதை ஆறால் பெருக்குங்கள்: 3,180. ஆறுக்கு ஒன்று என்று தாளம் பிசகாமல் போகிறது.

தனித்தனி வாயு மேகத் துண்டுகள் சுருங்கிப் பிறந்து, பிறகு இங்கே சேர்ந்திருந்தால் இந்தத் தாளம் அமைவது கடினம். நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த வாயுத் தட்டிலேயே பிறந்து, மெல்ல இடம் நகரும்போது ஒன்றின் ஈர்ப்பில் மற்றொன்று மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, கோள்கள் பிறக்கும் வழியில் பிறந்தவை. நட்சத்திரமாகப் போகிறோம் என்று கிளம்பாதவற்றைத் ‘தோற்றுப்போன நட்சத்திரம்’ என்பது என்ன நியாயம்?

லிக் கண்காணிப்பு நடந்தது சுமார் பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் உள்வட்டக் குள்ளன் எட்டுச் சுற்று முடித்துவிட்டது. வெளியே இருப்பது ஒன்றரைச் சுற்றைக்கூட எட்டவில்லை.