பெய்த மழை நிற்காத மணல்

மலேசியாவின் மெர்சிங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 250 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத இடத்தைத்தான் பாலைவனம் என்பார்கள். ஆனால் அருகிலுள்ள ஆயர் பாப்பான் கடற்கரையில் உச்சிவெயிலில் செருப்பைக் கழற்றிப் பாருங்கள், அங்குள்ள செடிகள் பாலைச் செடிகள் படும் பாட்டைப் படுவது புரியும். கிழக்குக் கரையோர ‘பிரிஸ்’ மண்ணில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மணல்தான். நீரும் நிற்காது, சத்தும் தங்காது.

அதற்கேற்ற உடம்பு அச்செடிகளுக்கு. ரூ மரத்தில், அதாவது நம் சவுக்கில், ஊசி ஊசியாகத் தொங்குவது பச்சைத் தண்டு. ஒன்றை ஒடித்துக் கணுவை உற்றுப் பார்த்தால் பல் போன்ற செதில்கள் தெரியும், அவைதாம் இலை. சிறுத்த இலை, குறைந்த நீர்ச்செலவு. மணலில் படரும் அடம்புக்கொடி, மணல் மூடினால் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே வந்துவிடும்.

பருவநிலை மாறும்போது இப்படிப்பட்ட செடிக்கூட்டம் மொத்தமாக மாறுவதில்லை. ஒவ்வோர் இனமும் தன் போக்கில் போகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒருவர் ஆயுள் போதாது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1903இல் தொடங்கிய பாலைவன ஆய்வுக்கூடம், டுமமோக் குன்றில் 1906 முதல் அளந்து வைத்த துண்டு நிலங்களில் செடிகளைத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்து வருகிறது. அங்கே வளர்ந்த சகுவாரோ கள்ளி வறட்சியைத் தாங்கி நூறாண்டுக்கு மேலும் நிற்கும். கன்றுகள் பிழைப்பதோ ஈரமான ஆண்டுகள் வாய்த்தால்தான். பெரிய மரங்களை எண்ணித் திருப்திப்படுவது ஏமாற்றுக் கணக்கு.

மெர்சிங்கிலும் கன்றைத்தான் தேட வேண்டும். ரூ கன்றுக்கு வெயில்படும் வெறும் மணல் வேண்டும். தாய்மரத்தடிச் சருகு மெத்தையில் அது பெரும்பாலும் தலையெடுக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கரையை அரிப்பது பழைய கதை. மற்ற மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து போட, அடம்பு முதலில் ஏறும், ரூ பின்னால் வரும். கடல்மட்டம் உயர்வதுதான் இதில் புதிது: 1901க்கும் 2018க்கும் இடையே உலகச் சராசரி 20 சென்டிமீட்டர் ஏறியது, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். செடிகள் உள்ளே தள்ளிப் போகத்தான் வேண்டும். ஆனால் கரைக்குப் பின்னால் சாலையும் விடுதியும் வந்துவிட்ட இடத்தில் எங்கே போவது?

2004 ஆழிப்பேரலைக்குப் பின் அரசு கடலோரங்களில் கண்டலும் ரூவும் நட்டது. நல்ல வேலைதான், ஆனால் ஒரே வயது மரவரிசைக்கு ஒரே சமயத்தில் முதுமை வரும். மணற்கரைகளில் நீர் ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்கிறது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. கடல் ஏறினால் அந்தக் கோடும் உள்ளே நகரும் என்பதால், 60 மீட்டரை இன்றைய கோட்டிலிருந்து அளப்பதா, 50 ஆண்டு கழித்து வரப்போகும் கோட்டிலிருந்தா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.