டி.வி. துப்பறியும் தொடர்கள் மேஜைக்கு வந்த விதம்

ரோல் பிளேயிங் கேம் என்றவுடன் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் எல்லாருக்கும் மானிட்டரும் மவுஸும்தான் நினைவிற்கு வரும். ஆனால் இந்த வகை விளையாட்டு பிறந்தது ஒரு மேஜையைச் சுற்றித்தான். 1974ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிற்குத் தேவைப்பட்டதெல்லாம் பேப்பர், பென்சில், சில பகடைகள், உட்கார்ந்து பேச நான்கைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அலமாரிக்குப் பின்னால் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி ஆடுவார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருட்டப்படும். கம்ப்யூட்டர் கேம்களில் நாம் பார்க்கும் லெவல், ஹிட் பாயிண்ட், எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் எல்லாம் இந்த மேஜையிலிருந்து இறங்கி வந்தவையே.

இதில் அரக்கர்களும் வாள்களும் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 1970களிலும் 80களிலும் அமெரிக்க டி.வி.யில் ஓடிய துப்பறியும் தொடர்களின் மீதுள்ள பழைய பாசத்தை வைத்தே சில விளையாட்டுகள் எழுதப்பட்டுள்ளன. இவற்றை நான் விரும்பி ஆடுவதற்கு அந்தப் பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம், டி.வி.யில் வெகு எளிதாக நடக்கும் ஒரு விஷயம் மேஜையில் நடக்க மறுக்கிறது. அதைச் சரி செய்திட விளையாட்டை வடிவமைப்பவர்கள் கண்டுபிடித்த வழிகள், புரோகிராம் எழுதுபவர்கள் ரசிக்கும் வகையில் இருக்கின்றன.

முதலில் வந்தவை பலகை விளையாட்டுகள். மில்டன் பிராட்லி நிறுவனம் 1973ல் கொலம்போ, 1975ல் கோஜாக், 1977ல் ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச் என்று வரிசையாகப் பெட்டி போட்டது. பெட்டியின் மேல் டி.வி.யில் பார்த்த முகம் இருக்கும். உள்ளே பலகையில் காய் நகர்த்தி அட்டை எடுக்க வேண்டும். முகத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை ஒட்டினாலும் விளையாட்டு அப்படியே ஓடும் என்பதுதான் இவற்றைப் பற்றி என் கருத்து. 1980ல் எஸ்.பி.ஐ. நிறுவனம் டல்லஸ் தொடரை ரோல் பிளேயிங் விளையாட்டாகவே வெளியிட்டது. அது குடும்பச் சண்டைத் தொடர்தான் என்றாலும், ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று அமெரிக்கா முழுவதும் அந்த ஆண்டு மார்ச் முதல் நவம்பர் வரை கேட்டுக் கொண்டிருந்தது. இருந்தும் விளையாட்டு விற்பனையில் எடுபடவில்லை.

துப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

இப்போது அந்தப் பிரச்னைக்கு வருவோம். டி.வி.யில் துப்பறிபவர் ஒரு அறைக்குள் நுழைந்தால், தேவையான தடயத்தை அவர் கண்டே தீருவார். கதை எழுதியவர் அதை அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். மேஜையில் அப்படி இல்லை. பழைய முறையில், "நான் மேஜை டிராயரைத் தேடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் பகடை உருட்ட வேண்டும். எண் சரியாக விழாவிட்டால் டிராயரில் இருக்கும் கடிதம் கிடைக்காது. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அடுத்த இடத்திற்கே போக முடியும் என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் மொழியில் சொல்வதென்றால் இது ஹேங் ஆன நிலை. ரீபூட் செய்திட வழியில்லாமல் நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ராபின் டி. லாஸ் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, பெல்கிரேன் பிரஸ் வெளியிட்ட கம்ஷூ என்ற விதிமுறைத் தொகுப்பு இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. கைரேகை ஆய்வு, கணக்குப் புத்தகம் படித்தல், ஆளை எடை போடுதல் என்று ஒவ்வொரு பாத்திரத்திற்கும் சில திறமைகள் தரப்பட்டிருக்கும். சரியான இடத்தில் சரியான திறமையைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் துப்பு கிடைத்துவிடும். பகடையே கிடையாது. துரத்துவது, சுடுவது, தப்பிப்பது போன்றவற்றிற்கு மட்டும் பகடை. துப்பைக் கண்டுபிடிப்பதில் சுவாரஸ்யம் இல்லை, கிடைத்த துப்பை வைத்து என்ன நினைக்கிறோம் என்பதில்தான் சுவாரஸ்யம் என்பது லாஸின் வாதம். டி.வி. தொடர்களும் இப்படித்தான் நடக்கின்றன. எந்த எபிசோடிலும் ஹீரோ ஆய்வுக்கூடத்தில் தோற்று வெறுங்கையோடு வீட்டிற்குப் போவதில்லை. இதே முறையில் 2009ல் வந்த மியூட்டன்ட் சிட்டி புளூஸ், அதீத சக்தி உள்ளவர்கள் வாழும் ஊரில் நடக்கும் போலீஸ் தொடராகவே அமைக்கப்பட்டது.

கொலம்போ ஏன் கஷ்டம்?

பீட்டர் ஃபால்க் நடித்த கொலம்போவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கொலைகாரன் யார் என்பது முதல் காட்சிகளிலேயே காட்டப்பட்டுவிடும். கசங்கிய மழைக் கோட்டும் சுருட்டுமாக வரும் அந்த லெப்டினன்ட் அவனை எப்படி மடக்குகிறார் என்பதுதான் கதை. 1912ல் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் தன் சிறுகதைகளில் கையாண்ட தலைகீழ் முறை இது. லெவின்சன், லிங்க் என்ற இரு நண்பர்கள் அதை டி.வி.க்குப் பொருத்தினார்கள். 1971ல் தொடராக வந்தபோது முதல் எபிசோடை இயக்கியவர், அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

மேஜையில் இதை ஆடுவது கடினம் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆடுபவர்களுக்கு விடை முன்பே தெரிந்துவிடுகிறதே என்பது அவர்கள் பயம். நான் ஆடிப் பார்த்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கதை நடத்துபவர் கொலையை எல்லாருக்கும் முன்னால் விவரிக்கிறார். அதன் பின், ஆடுபவர்கள் குற்றவாளியோடு நேருக்கு நேர் பேசிப் பேசி அவன் பொய்யில் ஒரு ஓட்டை தேட வேண்டும். ஒரே நிபந்தனை, கதை நடத்துபவர் அந்தக் குற்றவாளியாக நன்றாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொலம்போவில் கொலைகாரர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், புத்திசாலிகள், இந்த அழுக்குக் கோட்டுக்காரன் நம்மை என்ன செய்துவிடுவான் என்று நினைப்பவர்கள். அந்த அலட்சியம் இல்லாவிட்டால் விளையாட்டில் ருசி இருக்காது.

விடையே இல்லாத கொலை

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஜேசன் கார்டோவா எழுதிய பிரிண்டில்வுட் பே. இது மர்டர், ஷி ரோட் தொடரின் மீதான அன்பில் எழுதப்பட்டது. 1984 முதல் 1996 வரை, 12 சீசன்களில் 264 எபிசோடுகள் ஓடிய தொடர் அது. அது தொடங்கியபோது ஜெசிகா ஃப்ளெட்சராக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு 58 வயது. துப்பாக்கியும் கார் துரத்தலும் இல்லாமல், வயதான ஒரு பெண்மணி பேசிப் பேசியே கொலைகளைக் கண்டுபிடிப்பதை ஞாயிறு இரவுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் பார்த்தன. விளையாட்டிலும் நீங்கள் ஏற்பது கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் மூதாட்டிகளின் பாத்திரங்களைத்தான். துப்பறியும் நாவல் படிக்கும் குழு அவர்களுடையது.

இதில் கொலைகாரன் யார் என்று கதை நடத்துபவருக்கும் தெரியாது. புத்தகத்திலும் எழுதப்படவில்லை. கொலை, சந்தேகத்திற்குரியவர்கள், துப்புகளின் பட்டியல் மட்டும் இருக்கும். கிழிந்த புகைப்படம், தவறான நேரம் காட்டும் கடிகாரம் என்பது போல, துப்புகள் யாரை வேண்டுமானாலும் சுட்டலாம். போதிய துப்பு சேர்ந்ததும் ஆடுபவர்கள் கூடிப் பேசி, "இன்னார்தான் செய்தார், இதனால் செய்தார்" என்று ஒரு கதையைக் கட்டுகிறார்கள். பின் இரண்டு பகடைகளை உருட்டி, அந்தக் கதைக்குள் பொருத்தப்பட்ட துப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வழக்கின் சிக்கல் எண்ணைக் கழிக்க வேண்டும். 10க்கு மேல் அல்லது 10 என்றால் அவர்கள் சொன்னதே உண்மை. 7 முதல் 9 வரை என்றாலும் உண்மைதான். ஆனால் கூடவே ஒரு ஆபத்தோ தொல்லையோ வரும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் தவறான ஆள்.

கணக்கைப் பாருங்கள். சிக்கல் எண் 6, கையில் துப்பும் 6 என்றால், இரண்டு பகடையின் 36 சாத்தியங்களில் 6ல் முழு வெற்றி, 15ல் தொல்லையோடு வெற்றி, 15ல் தோல்வி. துப்புகள் 8 ஆனால் முழு வெற்றி 15 ஆக உயர்ந்து, தோல்வி 6 ஆகக் குறைகிறது. வெறும் 4 துப்புடன் அவசரப்பட்டால் 26 சாத்தியங்களில் தோல்விதான். ஆகவே கூடுதலாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது வீணில்லை.

இது ஏமாற்று வேலை என்பது பலர் சொல்லும் குறை. உண்மை என்று ஒன்று முன்பே இல்லாதபோது அதைக் கண்டுபிடித்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? எனக்கும் இதில் ஒரு நெருடல் உண்டு. நாங்கள் நால்வர் பேசி ஒரு தோட்டக்காரரைக் கைகாட்டினோம். பகடை 11 விழுந்தது. அவர் குற்றவாளி ஆகிவிட்டார். பத்து நிமிடத்திற்கு முன்பு வரை அவர் குற்றவாளி இல்லை! ஆனால் யோசித்தால், ஜெசிகா சுட்டிக் காட்டும் ஆள்தான் குற்றவாளி என்று அந்தத் தொடரில் நாம் நம்பியதும் இப்படித்தான். அவர் தவறாகச் சொல்லியிருக்கலாமோ என்று நாம் சந்தேகப்பட்டதே இல்லை. தொடரில் மறைந்திருந்த அந்த வசதியை விளையாட்டு வெளிப்படையாக மேஜை மேல் வைக்கிறது. இந்தக் கொலைகளுக்குப் பின்னால் ஒரு அமானுஷ்ய வழிபாட்டுக் கூட்டம் இருப்பதாக விளையாட்டில் ஒரு கிளைக் கதையும் உண்டு என்பதால் சிறு பிள்ளைகளோடு ஆட இது ஏற்றதல்ல.

பகடைக்கு எக்செல்

வீடியோ காலில் ஆடுபவர்கள், எல்லாரும் பார்க்கும்படி எக்செல் ஒர்க் ஷீட்டை வைத்துக் கொள்ளலாம். ரேண்ட்பிட்வீன் என்ற பார்முலாவில் 1, 6 என்ற எல்லைகளைத் தந்து இரண்டு செல்களில் அமைத்து, மூன்றாவது செல்லில் கூட்டிக் கொள்ளவும். எஃப்9 கீயை அழுத்தினால் மீண்டும் உருளும். ஒரே செல்லில் 2, 12 என்று தந்துவிடக் கூடாது. அப்படித் தந்தால் 11 எண்களும் சமமாக விழும். நிஜப் பகடையில் 7 விழ 6 வழிகளும் 12 விழ ஒரே வழியும்தான் உண்டு. மேலே சொன்ன கணக்கு முழுவதும் கெட்டுவிடும். இன்னொன்று, ஷீட்டில் வேறு எதை டைப் செய்தாலும் எண்கள் மாறிவிடும். எனவே விழுந்த எண்ணை உடனே குறித்துக் கொள்ளவும்.

கம்ப்யூட்டரும் மேஜையும் கைகோத்த விளையாட்டுகளும் உண்டு. 1981ல் பெட்டியாக வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ், 1991ல் நடிகர்களை வைத்துப் படம் பிடித்த வீடியோக்களுடன் சிடி ரோமில் வந்தது. 2018ல் வெளியான குரோனிகிள்ஸ் ஆஃப் கிரைம் விளையாட்டில் அட்டைகளின் மேலுள்ள கியூஆர் கோடை மொபைலால் ஸ்கேன் செய்திட வேண்டும். அதே ஆண்டு போலந்து நாட்டின் போர்ட்டல் கேம்ஸ் வெளியிட்ட டிடெக்டிவ் விளையாட்டில் ஆன்டாரஸ் என்ற கற்பனை டேட்டாபேஸில் லாக் இன் செய்து கைரேகை, வாக்குமூலம் எல்லாம் தேடலாம். போலீஸ் தொடர்களில் வரும் கம்ப்யூட்டர் திரைக்கு முன் நாமே உட்கார்ந்தது போல இருக்கும். ஆனால் அந்த வெப்சைட் ஒருநாள் மூடப்பட்டால் பெட்டியிலுள்ள அட்டைகளை வைத்து ஒன்றும் செய்திட முடியாது. 1975 கோஜாக் பெட்டி உங்களுக்கு இன்று பழைய கடையில் கிடைத்தாலும், காய்கள் தொலையாமல் இருந்தால் போதும், ஆடலாம். கம்ஷூ, பிரிண்டில்வுட் பே போன்றவற்றை பி.டி.எஃப். பைலாக வாங்கி, ஒரு பிரதியை பிரிண்ட் எடுத்து வைத்துக் கொள்வது நல்லது.