கடல் கடந்த முழவு

எர்ணாவூர்க் கடற்கரையில் நின்று நோக்கினால், எண்ணூர்த் துறைமுகத்தை நாடிச் செல்லும் கப்பல்களைக் காணலாம். கப்பல்கள் சரக்கை மட்டுமா சுமக்கின்றன? மனிதரையும் அவர்தம் கலையையும் சுமந்து செல்வதுண்டு. அவ்வாறு கடல் கடந்து நம் நாட்டின் மேலைக் கரையை அடைந்த ஒரு கலையின் வரலாற்றை இங்குக் காண்போம்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வழங்கும் மொழி சுவாகிலி. அம்மொழியில் 'ங்கோமா' என்னும் சொல் முரசைக் குறிக்கும். முரசொலிக்கேற்ப நிகழும் ஆடலையும் குறிக்கும். உள்நாடாகிய புருண்டியில் இதன் இனமான 'இங்கோமா' என்னும் சொல் முரசு, அரசு ஆகிய இரண்டையும் உணர்த்தும். முரசினை அரசின் சின்னமாகப் போற்றிய தமிழரின் வழிவந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். அந்நாட்டார் அடிமரத்தைக் குடைந்து தோல் போர்த்த பெருமுரசுகளை அரைவட்டமாக நிறுத்துவர். நடுவே ஒரு முரசினை வைப்பர். தாவி ஆடிக்கொண்டே முழக்குவர். இக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பல நூற்றாண்டுகளாக ஆப்பிரிக்க மக்கள் பலர் அடிமைகளாகவும், படைவீரராகவும், மாலுமிகளாகவும் இந்தியாவிற்கு வந்தனர். அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்து, 1626இல் மறைந்தார். ஆயின் எல்லார்க்கும் அத்தகைய வாழ்வு வாய்க்கவில்லை. இவ்வாறு வந்தோரின் வழியினரே இன்று குஜராத், கருநாடகம் முதலிய இடங்களில் வாழும் சித்தி மக்கள் ஆவர்.

குஜராத்தில் வாழும் சித்தியர் இன்று பேசுவது குஜராத்தி மொழி. முன்னோரின் தாய்மொழி அவர்களிடம் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. எனினும் தம் ஆடலை அவர்கள் 'கோமா' என்றே அழைக்கின்றனர். 'ங்கோமா' என்னும் பழஞ்சொல்லே இது. இரத்தன்பூரிலுள்ள பாபா கோர் என்னும் அடியாரின் அடக்கத்தலத்தில் இவ்வாடல் நிகழும். கால்களுடைய 'முகர்மான்' என்னும் முரசு அதிரும். சுரைக்குடுக்கை கட்டிய வில்லாகிய 'மலுங்கா' இசைக்கும். தேங்காயோட்டுக் கிலுகிலுப்பை ஒலிக்கும். மெல்லத் தொடங்கும் தாளம் வரவர விரைவுறும். ஆடுவோர் மேலே வீசிய தேங்காயைத் தலையால் தாக்கி உடைப்பர். காண்போர் வியந்து நிற்பர்.

மாணவர்களே, விலங்கிடப்பட்டு வந்தவர்கள் ஊரை இழந்தனர், உற்றாரை இழந்தனர், நாளடைவில் மொழியையும் இழந்தனர். ஆனால் அவர்தம் கைகள் தாளத்தை மறக்கவில்லை. தந்தை அடித்த அடியை மைந்தன் கேட்டான். அவனிடமிருந்து அவன் மகன் கற்றான். ஏட்டில் எழுதப்படாத அவ்வரலாறு இவ்வாறே முழவின் தோலில் நிலைபெற்றது. இனி நும் ஊர்த் திருவிழாவில் பறை முழங்கும்பொழுது, அதன் ஒலியைச் சற்றே நின்று கேளுங்கள். அதனுள்ளும் ஒரு மக்களின் நெடிய நினைவு ஒலிக்கக்கூடும்.