வெளிநாட்டில் வேலை தேடும் நெறி

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருட் பலர் அயல்நாட்டில் வேலை பெறுதலை நாடி நிற்கின்றனர். அந்நாட்டம் குற்றமன்று. ஆயின் அதற்கு அவர் கைக்கொள்ளும் துணைகளை நோக்குமிடத்து யாம் அஞ்சுகின்றோம். கைபேசியில் வந்த செய்தி, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய விளம்பரம், உறவினர்க்குத் தெரிந்த தரகர் என்னும் மூன்றனுள் ஒன்றையே பெரும்பாலார் பற்றிச் செல்கின்றனர். இவற்றினும் நம்பத்தக்க துணைகள் ஒரு காசும் வேண்டாது யாவர்க்கும் திறந்து கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுவாம்.

முதற்கண் நம் நாட்டுச் சட்டத்தை அறிதல் நலம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் வெளியுறவு அமைச்சகத்தாரிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெற்ற முகவரின் பெயரும் பதிவெண்ணும் அவ்வமைச்சகத்தார் நடத்தும் 'இ-மைகிரேட்' என்னும் இணையத்தளத்தில் உள. பதிவின்றி ஆள் சேர்ப்போர் எனக் கண்டறியப்பட்டோர் பட்டியலும் அங்கேயே உண்டு. முகவர் தம் உழைப்பிற்குப் பெறத்தக்க கட்டணம், வரி நீங்கலாக, ரூ.30,000-க்கு மேற்படலாகாது. மூன்று இலட்சம், நான்கு இலட்சம் என்று கேட்பவர் பிறவகையில் எத்துணை இனியராயினும், அக்கேள்வி ஒன்றானே சட்டத்திற்குப் புறம்பாயினர் என்க. தமிழ்நாட்டரசினர் 1978-ஆம் ஆண்டிலேயே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நிறுவினர். இதனை அறிந்த மாணவர் மிகச் சிலரே.

ஈண்டுக் கருதத்தக்கதொன்று உளது. பத்தாம் வகுப்புத் தேறாதார், வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுங்கால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் இசைவு பெற்றே செல்லல் வேண்டும். அவர்தம் வேலை ஒப்பந்தம் ஆராயப்படும். தேறினார்க்கோ, செவிலியர் நீங்கலாக, அவ்விசைவு வேண்டுவதில்லை. கற்றவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என்பது சட்டத்தின் எண்ணம் போலும்! நிகழ்ந்தது வேறு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளியுறவு அமைச்சகத்தார் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். தாய்லாந்தில் விற்பனை அலுவலர் வேலை உண்டென்று அழைத்து, கணினித் தொழில் கற்ற இளைஞரையே குறிவைத்து ஏமாற்றும் கூட்டத்தாரைப் பற்றியது அது. சென்றவர் பலர் எல்லை கடத்தப்பட்டு, மியான்மர் நாட்டு மியாவடியில் அடைக்கப்பட்டு, இணையத்தின் வழிப் பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யுமாறு வருத்தப்பட்டனர். மீட்கப்பட்டோருள் தமிழ்நாட்டாரும் இருந்தனர். அவர்கள் கல்லாதவரல்லர், நம்மையொத்த பட்டதாரிகளே. ஆகவே அதிகாரி ஆராயாதனவற்றை நாமே ஆராய்தல் கடனாகின்றது.

ஆராய்தற்குரிய ஏடுகளைப் பிற நாட்டரசுகளும் வெளியிடுகின்றன. பிரிட்டன் நாட்டு உள்துறை அலுவலகத்தார், அயல்நாட்டாரை வேலைக்கு அழைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலை வெளியிட்டு அடிக்கடி புதுப்பிக்கின்றனர். வேலை தருவதாகக் கூறும் நிறுவனத்தின் பெயர் அதன்கண் இல்லையாயின், அந்நிறுவனத்தால் அயல்நாட்டாரை அழைத்தற்கு வேண்டும் ஆதரவுச் சான்றை வழங்கல் இயலாது. பெயர் இருப்பினும், சான்றுக்கு விலை கேட்பாராயின் ஒதுங்குக. அதற்குரிய கட்டணத்தை நிறுவனமே ஏற்றல் வேண்டும், பணியாளர் மேல் சுமத்தலாகாது என்பது 2024-ஆம் ஆண்டின் இறுதிமுதல் அந்நாட்டு விதி.

ஜெர்மனி நாட்டார் 'மேக் இட் இன் ஜெர்மனி' என்னும் அரசுத் தளத்தில் வேலைகளையும் விசா விதிகளையும் ஆங்கிலத்திலும் விளக்குகின்றனர். அந்நாட்டின் 'அனாபின்' என்னும் தொகுப்பில் உலகத்துப் பல்கலைக்கழகங்களைத் தேடிப் பார்க்கலாம். பெயருக்கு நேரே 'எச்' என்னும் எழுத்தும் கூட்டற்குறியும் நிற்குமாயின் அக்கழகம் ஏற்கப்பட்டது, கழித்தற்குறியாயின் ஏற்கப்படாதது. பட்டத்திற்குச் சேருமுன்னரே இதனைப் பார்த்தல் அறிவுடைமை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதமுதல் 'வாய்ப்பு அட்டை' என்னும் புதுவகை அனுமதியையும் அவர்கள் தருகின்றனர். அதுகொண்டு ஓராண்டு அந்நாட்டில் தங்கி, வாரத்திற்கு 20 மணி நேரம் உழைத்துக்கொண்டே நிலையான வேலையைத் தேடலாம். ஆயின் தங்குதற்கேற்ற பொருள் தம்மிடம் உண்டெனக் காட்டல் வேண்டும். வறிய மாணவர்க்கு இஃதொரு தடையே.

வேலை விளம்பரங்களைப் படிக்குங்கால் ஒரு நுட்பம் நினைவிற்கொள்ளற்பாலது. சிங்கப்பூரில், அயல்நாட்டார்க்கு வேலை அனுமதி கோருமுன் நிறுவனத்தார் பொதுவாக 14 நாள் அரசின் 'மைகேரியர்ஸ்ஃப்யூச்சர்' தளத்தில் விளம்பரம் செய்தல் வேண்டும். அது தந்நாட்டாரை முதற்கண் கருதுதற்பொருட்டு. ஐரோப்பியர் 1994 முதல் நடத்தும் 'யூரெஸ்' தளமும் தம் குடிமக்களின் நலங்கருதி எழுந்ததே. ஆகவே அங்கு விளம்பரம் கண்டமட்டில் நமக்கு இடமுண்டென்று மகிழ்தற்கில்லை. எனினும் எத்தொழிற்கு எந்நாட்டில் எவ்வளவு ஊதியம் என்பதை அறிதற்கு இவற்றினும் சிறந்த கருவியில்லை. (தமிழ் பயில்வார்க்கு வெளிநாட்டில் என்ன வேலை என்று எம்மை நகையாடும் அறிவியல் வகுப்பு நண்பர்கள், சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றென்பதையும், பள்ளிகளில் அது கற்பிக்கப்படுவதையும் நினைப்பாராக.)

இவையெல்லாம் இருந்தும், எந்த ஏட்டிலும் எழுதப்படாத செய்திகள் சில உண்டு. இங்குக் கையொப்பமிட்ட ஒப்பந்தமே அங்கும் நின்றதா, அன்றி வேறொன்று நீட்டப்பட்டதா? பாஸ்போர்ட் யாவர் கையில் உளது? வரியும் வாடகையும் போக மாத முடிவில் எஞ்சுவது யாது? வழிச்செலவை ஏற்றவர் யாவர்? இவற்றிற்கு விடை கூறவல்லார் அந்நாடுகளில் இன்று வாழும் நம் பழைய மாணவரே. அப்பெரியோரை யாம் பணிந்து வேண்டுவதொன்று. இந்நான்கு வினாக்களுக்கும் விடையை ஆண்டுக்கொரு முறை ஒரு பக்கத்தில் எழுதி நம் கல்லூரி நூல்நிலையத்திற்கு அனுப்பியருள்வாராயின், பங்குனித் திங்களில் இறுதித் தேர்வெழுதுவார் கையில் அப்பக்கங்கள் இருக்கும்.